மூலை மாமா என்ன ஆனார்?

எங்கள் அடுக்குமாடியில் அவனுக்குப் பெயர் மைக். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிர்வாழ்ந்தது. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும், எது தாமதம், எது வரவே வராது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவன் வேலை. வாலிபத்தில் போய் உட்கார்ந்தவன், தலை நரைக்கும்வரை அதே கண்ணாடிக் கூண்டு, அதே முக்காலி, அதே தொண்டை.

அந்தத் தொண்டையைப் பற்றி நான் சொன்னால் அளக்கிறேன் என்பார்கள். என்றுவிட்டுப் போகட்டும். தாமதமாக வரும் வண்டியை அவன் அறிவிக்கிற தினுசில் வண்டியே கூசிப்போய் ஓரமாக வந்து நிற்கும். தொலைந்துபோன குடையை அவன் அங்க அடையாளங்களோடு வர்ணித்தால் குடை தானாக எழுந்து கூண்டு வாசலுக்கு நடந்து வரும். ஒருமுறை தாயைத் தவறவிட்ட குழந்தையொன்று கூண்டுக்குள் வீறிட்டுக்கொண்டிருந்தது. அதைச் சமாதானப்படுத்த இவன் ஒரு கதையை ஆரம்பித்தான். மைக்கை அணைக்க மறந்துவிட்டான். மறந்தானா, மறந்தாற்போல இருந்தானா என்பது அவனுக்கே வெளிச்சம். கதை முடிகிறவரை ஒரு வண்டியும் நகரவில்லை. ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றிக் கேட்டார்களாம். பிள்ளையைத் தேடி ஓடிவந்த தாய்கூட, “கொஞ்சம் இருங்க, அந்த மாமா கிணத்துலேர்ந்து ஏறி வந்துரட்டும், தூக்கிட்டுப் போறேன்” என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

“எதுக்கு சார் விளக்கம்? கதை சொன்னதுக்கா, பாதியில நிறுத்தாததுக்கா?”

கதையில் வந்த அந்த மாமாவுக்கு மூலை மாமா என்று பெயர். அவரைப் பற்றிச் சொல்லாமல் மைக்கைப் பற்றிச் சொல்ல முடியாது.

மைக்குக்கு ஒரே ஒரு தங்கை. சிறுவயதில் அவர்கள் வீட்டில் டி.வி. கிடையாது. அப்பா லாரி ஓட்டியவர். வீட்டுக்கு விருந்தாளிபோல வந்துபோவார். அம்மாவுக்குத் துணி ஆலையில் மாலை ஷிப்ட். சந்துக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரர் வீடு, அந்த வீட்டுக் கூடத்தில் டி.வி. அதில் வாரம் ஒரு மாலை தொடர்நாடகம் ஒன்று வரும். அண்ணனும் தங்கையும் ஒரு தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஆளுக்கொரு காலை அதன்மேல் வைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

அதில் இரண்டு இடைஞ்சல். சந்தில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. அந்த இரைச்சலுக்குப் பயந்து மருந்துக்கடைக்காரர் ஜன்னல் கண்ணாடியைச் சாத்தியே வைத்திருப்பார். படம் தெரியும், பேச்சு கேட்காது. போதாக்குறைக்கு ஜன்னலுக்கும் டி.வி.க்கும் நடுவே அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்று திரையின் வலது ஓரத்தை விழுங்கிக்கொள்ளும். ஆக, பிள்ளைகளுக்குக் கிடைத்தது முக்கால் திரை, அதுவும் ஊமைத் திரை.

“அவங்க என்னண்ணா பேசிக்கிறாங்க?” என்று கேட்டாள் தங்கை. பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை அவளுக்கு. ‘எனக்கும் கேக்கலடி’ என்று அவன் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் பேசிக்கொண்டதைச் சொன்னான்.

அன்று முதல் நாடகத்தில் வந்த அத்தனை பேருக்கும் அவனே குரல். குண்டு அம்மாள் ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிப் பேசினால், “என் பல்செட்டை எடுத்தவன் மரியாதையா வெச்சிடு, இல்லேன்னா ஈறாலயே கடிப்பேன்” என்பான் கனத்த குரலில். மீசைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தால் அவர் தலையில் இருப்பது விக், காற்றடிக்கிறது, பிடித்துக்கொள்கிறார். அழகான பெண் விக்கி விக்கி அழுதால் அவளுக்குச் செருப்பு கடிக்கிறது. தங்கை சிரித்துச் சிரித்து வாளியிலிருந்து விழுவாள்.

ஆனால் அந்த நாடகத்தில் எல்லாரும் ஃபிரிட்ஜ் பக்கமே திரும்பித் திரும்பிப் பேசினார்கள். கோபமென்றாலும் அங்கேதான் போய் நின்றார்கள், அழுகையென்றாலும் அங்கேதான். யாராவது ஒருவர் கோப்பையோடு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மறைவார். சற்றுநேரம் கழித்துக் காலிக் கோப்பையோடு வருவார்.

“அங்க யாருண்ணா இருக்கா?”

“மூலை மாமா.”

“அவரு என்ன பண்றாரு?”

“என்ன பண்றாரா? எல்லாத்தையும் அவருதான்டி பண்றாரு!”

மூலை மாமா வாயை மூடமாட்டார். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் வம்புக்கு இழுப்பார். திமிங்கிலத்துக்கு ஜலதோஷம் பிடித்தபோது மூக்குச் சிந்தி விட்டவர் அவர். கிணற்றில் தவறி விழுந்து, தண்ணீருக்குள்ளேயே நடந்து, வேறொரு தேசத்துக் கிணற்றில் எழுந்து, அங்கே தண்ணீர் எடுக்க வந்தவளிடம் “சோப்பு இருக்கா?” என்று கேட்டவர். நாடகத்தில் யார் எதற்குக் கதவைத் திறந்தாலும் மூடினாலும் அதற்கு மாமா சொன்ன ஏதோ ஒன்றுதான் காரணம்.

நாடகம் முடிகிற வாரமும் வந்தது. அன்றைக்கென்று தங்கைக்குக் காய்ச்சல். கம்பியைப் பிடித்தபடியே நின்று தூங்கிப்போனாள். அவளை முதுகில் தூக்கிக்கொண்டு வரும்போது, மூலை மாமா கடைசியில் என்ன ஆனார் என்று அண்ணன் சொன்னான். நீளமாகச் சொன்னான், நடுவில் அவனே சிரித்தான், அவன் முதுகு குலுங்கியது. அவளுக்கு நினைவில் நின்றது அந்தக் குலுங்கல் மட்டுந்தான். காலையில் எழுந்ததும், “மாமா என்னண்ணா ஆனாரு?” என்றாள்.

“நேத்தே சொல்லிட்டேனே. ஒரு கதைக்கு ஒரு முடிவு, ஒரு முடிவை ஒரு வாட்டிதான் சொல்லணும்.”

அழுது பார்த்தாள், கடித்துப் பார்த்தாள். அவன் அசையவில்லை. பள்ளியில் முதல் ரேங்க் வாங்கு, சொல்கிறேன் என்றான். வாங்கினாள்; கல்யாணத்தன்று சொல்கிறேன் என்றான். கல்யாணத்தன்று அவன் காதைப் பிடித்து முறுக்கினாள். “பேரப்பிள்ளை பொறக்கட்டும், இவ்வளவு நாள் பொறுத்த, இன்னும் கொஞ்சம் பொறு” என்றான். அந்த வீட்டில் அது தீராத விளையாட்டு. அவனும் மூலை மாமாவை விட்டபாடில்லை. தங்கை மகளுக்கும், கூண்டுக்கு வந்து சேர்ந்த தொலைந்த பிள்ளைகளுக்கும் மாமாவின் சாகசங்களைப் புதிது புதிதாகச் சொன்னான். முடிவை மட்டும் வாயில் வைத்துக்கொண்டே இருந்தான்.

அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “பொழுதன்னைக்கும் எல்லாரையும் வழியனுப்பிட்டு, வீட்டுல ஒருத்திய வேற போகாதேன்னு சொல்லணுமா?” என்பான். தங்கை கணவரை இழந்தபிறகு அவளோடும் அவள் மகளோடும் வந்து தங்கினான். தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்துக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவாள். விரல் நுனியெல்லாம் கண்ணாடித் தூள். நான் அவர்களுக்கு நேர் கீழ்வீடு. சிரிப்பு, சண்டை, பாத்திரம் விழுவது என்று எதற்கும் எனக்குத் தனியாக அழைப்பு தேவைப்பட்டதில்லை.

மைக் விழுந்தது கூண்டில்தான், வேலை நேரத்தில். “பயணிகளின் கவனத்திற்கு, மேடையில் நிற்கும் வண்டி...” என்றவன், “வண்டி... வண்டி... வண்டி...” என்றான். இன்னும் சொன்னான். மைக்கில் கோளாறு என்று பயணிகள் சிரித்தார்கள். சில பேர் கைதட்டக்கூடச் செய்தார்களாம், இவன் வேடிக்கைக்காரன் ஆயிற்றே. ஒரு நடத்துநர் போய்க் கூண்டைத் திறந்தபோது முக்காலியிலிருந்து ஒருபக்கமாகச் சரிந்து, மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அப்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, முகத்தில் வலப்பாதி தொங்கிவிட்டது. பேச்சில் மிஞ்சியது அந்த ஒரே சொல். தாகமென்றால் “வண்டி.” முதுகு அரித்தால் “வண்டி.” நான் பார்க்கப் போனபோது என்னைக் கண்ணால் அளந்துவிட்டு, “வண்டி வண்டி” என்றான், முழியைப் பார்த்தால் ஏதோ கேலி என்று தெரிந்தது. என்ன கேலி என்றுதான் தெரியவில்லை. எதிர்க்கேலி செய்ய முடியாமல் நான் வாயடைத்து வந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

பேருந்து நிலையத்தில் அவன் இடத்துக்கு இயந்திரக் குரல் வந்தது. எந்த வண்டி தாமதமானாலும் அதற்கு வருத்தமே இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். படங்களைக் காட்டினாள், தாளம் போட்டுச் சொல்லவைத்தாள். கோப்பை வண்டி, கடிகாரம் வண்டி, பூனை வண்டி. மாதங்கள் போனபின் ஒருநாள் அவள் தங்கையிடம் சொன்னாள்: “சின்ன வயசுல அவர் மனசுல ஊறின விஷயம் ஏதாவது இருந்தா போட்டுக் காட்டுங்க. பாட்டு, நாடகம், எதுவானாலும் சரி. சில பேருக்கு அந்த வழியா ரெண்டு வார்த்தை வரும். உறுதியா சொல்ல மாட்டேன்.”

கடைசி வாக்கியம் தங்கையின் காதில் ஏறவே இல்லை. “மூலை மாமா!” என்றாள். அவள் மகள் கணினியில் தேடினாள். பெயர் தெரியாத நாடகத்தை, குண்டு அம்மாள், மீசைக்காரர், அழுகிற பெண் என்கிற அடையாளத்தை வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பது லேசா? எந்தக் காலத்து நாடகத்திலும் அந்த மூன்று பேர் உண்டு. ஆனாலும் பிடித்துவிட்டாள். முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம்வரை முழுவதும் இருந்தது. அண்ணன் ஆயுள் முழுக்கப் பேசியதில் ஒரு தும்மலைக்கூட யாரும் பிடித்து வைக்கவில்லை. அந்த உப்புச்சப்பில்லாத நாடகத்தை ஓர் எழுத்து சிந்தாமல் சேமித்து வைத்திருக்கிறது உலகம்.

அன்று மாலை மைக்கைக் குளிப்பாட்டி, தலைசீவி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலில் போர்வை போர்த்தினார்கள். தங்கை ஒரு கோப்பையில் சூப்பும் தோளில் துணியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னையும் கூப்பிட்டார்கள், கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். டி.வி.யில் நாடகம் ஓடியது.

முதலில் இசை வந்தது. அப்படி ஒன்று இருந்ததே தங்கைக்குத் தெரியாது. அப்புறம் குண்டு அம்மாள் வாயைத் திறந்தாள், எலிக்குஞ்சுக் குரல். தங்கை கலகலவென்று சிரித்தாள். “அண்ணா, பல்செட்டு அம்மாவுக்குக் குரலப் பாரேன்!” பல்செட்டுமில்லை, விக்குமில்லை. வீட்டைப் பாகம் பிரிக்கிற சண்டை. ஒரே அறை, நகரச் சோம்பல்படுகிற கேமரா. எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக வலது மூலைக்குப் போய், “நீங்களே சொல்லுங்கப்பா, இது நியாயமா?” என்று கேட்டார்கள்.

இப்போது நடுவில் ஃபிரிட்ஜ் இல்லை. மூலை முழுதாகத் தெரிந்தது.

அங்கே ஒரு சாய்வு நாற்காலி. அதில் ஒரு வயதானவர், முழங்காலில் போர்வையோடு. வாய் ஒருபக்கம் தொங்கியிருந்தது. அவர் பதில் சொல்லவில்லை. அழுகிற பெண் ஒரு கோப்பையை எடுத்துப்போய் அவருக்குப் புகட்டி, வழிந்ததைத் தோள்துணியால் துடைத்தாள். யார் கேட்டும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கையின் கையில் கோப்பை இருந்தது. தோளில் துணி இருந்தது.

“அம்மா, அந்தத் தாத்தா அப்படியே...” என்று ஆரம்பித்தாள் மகள்.

“வாய மூடுடி!”

அணைக்கிறேன் என்று தங்கை ரிமோட்டில் எதையோ அமுக்க, சத்தம் கூடிவிட்டது. ‘நீங்களே சொல்லுங்கப்பா’ என்று வீடே அதிர்ந்தது. மைக் திரையைப் பார்த்தான். தன் முழங்கால் போர்வையைப் பார்த்தான். அவன் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. பாதி முகம் மட்டுமே அசைகிறவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று எப்படிச் சொல்வது?

நானாக இருந்தால் அத்தோடு டி.வி.யைத் தலைமுழுகியிருப்பேன். தங்கை விடவில்லை. மறுநாள் கடையிலிருந்து வரும்போது பெரிய கறுப்பு அட்டை ஒன்று கொண்டுவந்தாள். கண் பரிசோதனையில் ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணால் எழுத்தைப் படிக்கச் சொல்வார்களே, அந்த ரக அட்டை. திரையின் வலது ஓரத்தை அளவாக மறைத்து ஒட்டினாள். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாள்.

“இதாண்ணா நம்ம நாடகம். நேத்துப் பாத்தது யாரு வீட்டு நாடகமோ. இப்பச் சொல்லு, அவங்க என்ன பேசிக்கிறாங்க?”

குண்டு அம்மாள் கையை ஆட்டினாள். மைக்கின் உதடு கோணியது. “வண்டி!” என்றான். அதே கனத்த குரல். மீசைக்காரர் தலையைப் பிடித்தார். “வண்டிவண்டிவண்டி...” காற்றில் விக் பறக்கிற பதற்றம் அதில் அப்படியே இருந்தது. அந்தப் பெண் அழுதபோது செருப்புக் கடிக்கிற முனகலில் ஒரு “வண்ண்டி.” தங்கை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாடிப்படியில் இறங்கிவந்து என்னிடம், “குரல் வந்துடுச்சு! ஆளாளுக்குத் தனித்தனிக் குரல்! வார்த்தை மட்டுந்தான் பாக்கி!” என்றாள். நானும், “அப்புறமென்ன, இனி நம்மளைப் பேசவிட மாட்டான்” என்றேன். பிசகாமல் அளப்பேன் என்று பெயரெடுத்தவள் நான். அன்றைக்கு அளக்கிறேன் என்று தெரியாமலே அளந்தேன்.

பயிற்சி கொடுக்கும் பெண் வந்து பார்த்தாள். தங்கையைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். “ராகம் மூளையில வேற இடத்துல இருக்குங்க. அது அவருக்குப் போகல. வார்த்தை இருந்த இடந்தான் போயிடுச்சு. இத வெச்சு அது வரும்னு...” அப்புறம் அவள் வருவதும் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

தங்கை மட்டும் மாலைதோறும் அட்டையை ஒட்டினாள். வாரங்கள் ஓடின. குண்டு அம்மாள் வண்டி, மீசை வண்டி. கடைசிப் பகுதி நெருங்கும்போது திரும்ப முதலிலிருந்து போட்டுவிடுவாள். அவள் கடையிலேயே தனியாக அதைப் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அதில் நாற்காலி காலியாக இருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். யாரோ ஒருவர் துவைத்த துணிகளைக் கொண்டுவந்து அதன்மேல் போடுவார்.

ஒருநாள் அவள் முதல் பகுதியைத் தேடும்போது மைக் இடக்கையை நீட்டி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

“வேணாண்ணா. அது நல்லால்ல.”

அவன் கேட்கவில்லை. அமுக்கி அமுக்கிக் கடைசிப் பகுதிக்குப் போனான். அட்டை இருந்ததால் நாற்காலி தெரியவில்லை. ஆனால் கோப்பை எடுத்துக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, யாரும் திரும்பி எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி துணிகளோடு அட்டைக்குப் பின்னால் போய் வெறுங்கையோடு வந்தாள். மைக் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாடகம் முடிந்து திரை நின்றதும் தங்கை பக்கம் திரும்பினான்.

அவள் என்ன நினைத்தாளோ, சின்னப் பிள்ளையாகக் கேட்டாள். “மாமா என்னண்ணா ஆனாரு?”

இந்தத் தடவை அவன் கல்யாணம் வரட்டும், பேரப்பிள்ளை வரட்டும் என்று இழுக்கவில்லை. சொன்னான். நிதானமாக, ஆரம்பத்திலிருந்து. “வண்டி,” என்று தாழ்ந்த குரலில் தொடங்கி, “வண்டி வண்டி?” என்று யாரையோ கேட்கவைத்து, வேறு குரலில் பதில் சொல்லவைத்து, இடக்கையால் எதையோ உயரத் தூக்கி, எங்கேயோ எட்டிப் பார்த்து, ரகசியமாக ஒரு வரி, உடனே உரக்க ஒரு வரி. நடுவில் ஓரிடத்தில் அவனுக்கே சிரிப்பு வந்து உடம்பு குலுங்கியது. அந்தக் குலுங்கலை அவளுக்குத் தெரியும். அதே இடம். அதற்குப்பின் குரல் மெல்ல இறங்கி, கடைசி “வண்டி”யை அவள் உள்ளங்கையில் வைப்பதுபோலச் சொல்லி நிறுத்தினான். அத்தனை வருடம் வைத்திருந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“கெணத்துக்குள்ள திரும்பப் போயிட்டாரா?”

இல்லை என்று தலையாட்டினான்.

“திமிங்கிலம் வந்து கூட்டிட்டுப் போச்சா?”

இல்லை.

“கதவத் தொறந்துட்டு அவரே எழுந்து...”

அவன் களைத்துப்போய்க் கண்ணை மூடித் திறந்தான். அவள் அவசரமாகச் சொன்னாள், “புரிஞ்சிருச்சுண்ணா. புரிஞ்சிருச்சு. எவ்வளவு நல்ல முடிவு!”

ஆயுள் முழுக்க இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பிழைத்தவனிடம் போய் அவள் பொய் சொன்னாள். அவளையே கொஞ்சநேரம் பார்த்தான். கோபமில்லை. பிறகு ரிமோட்டை அவள் மடியில் வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் முதல் பகுதியைப் போட்டாள். குண்டு அம்மாள் வந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். மைக் வாயைத் திறக்கவில்லை. தாகமென்றால்கூட இப்போது கையைத்தான் தூக்குகிறான். கீழ்வீட்டில் உட்கார்ந்து நான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்; மேலே ஒரு சத்தமும் கேட்பதில்லை.